ஆட்டுக்கொம்புக் கல்



பொங்கல் முடிந்த வாரம் நான் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வண்டியோடு நிற்கும் படத்தை என் மகன் போட்டாலும் போட்டான், எனக்கு வந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. "66 வயசுல இது தேவையா?" என்று பெரிய அக்கா போனில் ஒரு பாட்டம். "சார், எங்களை ஸ்கூலுக்கு சைக்கிள்ல வேகமா வராதேன்னு அடிச்சீங்களே" என்று 2001 பேட்ச்சில் ஒருத்தன். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கும். வகுப்பில் மணி அடித்தும் நிறுத்தாத ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில் வண்டியைப் பற்றி. 2006-இல் வாங்கிய அதே ஸ்ப்ளெண்டர்தான். வீட்டம்மா போட்ட நிபந்தனைகள் மூன்று: 40-ஐத் தாண்டக்கூடாது, இருட்டில் ஓட்டக்கூடாது, தனியாகப் போகக்கூடாது. மூன்றையும் காப்பாற்றினேன். இரண்டு நாளில் 160 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓடியது. லால்குடியில் கிளம்பி, கல்லக்குடி, கருடமங்கலம், காரை, சாத்தனூர் பார்த்து, அரியலூரில் ராத்தங்கி, மறுநாள் கரைவெட்டி ஏரி வழியாகத் திருமழபாடி வந்து வீடு. துணைக்குத் தன் வண்டியில் முன்னால் போனவன் என் பழைய மாணவன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவன் அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான்.

ஏன் போனேன் என்பதைச் சொல்ல 1994-க்குப் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்பு. புவியியலில் பாறைகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். படிவுப் பாறையில் புதைபடிவங்கள் கிடைக்கும் என்று படித்துவிட்டு, "எங்கெல்லாம் கிடைக்கும்?" என்று நானே கேட்டு, நானே ஐரோப்பாவில் இரண்டு இடம் சொன்னேன். மறுநாள் இவன் ஒரு கல்லைக் கொண்டுவந்தான். அப்போது சொந்த ஊரான காரைப் பக்கத்திலிருந்து வந்து, லால்குடியில் தாய்மாமன் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். போண்டா அளவுக் கல். அதில் சுருள் சுருளாக, வரி வரியாக ஒன்று பதிந்திருந்தது. "சார், எங்க கொல்லையில இந்த மாதிரி ஆட்டுக்கொம்பு நிறைய கிடக்குது சார்" என்றான்.

வகுப்பே சிரித்தது. நான் கல்லை வாங்கிப் பார்த்தேன். என் மனதில் ஓடியது இதுதான்: கடல் இங்கிருந்து 100 கிலோமீட்டர். கடல் பிராணி இங்கே எப்படி வரும்? பையன் சிமெண்டில் எதையோ பதித்து எடுத்து வந்திருக்கிறான். "யாரை ஏமாத்தப் பார்க்கிற?" என்று சொல்லி, அந்தக் கல்லை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தேன். அந்தப் பீரியட் முழுக்க அவனை வாசலில் நிற்க வைத்தேன்.

அதை நான் மறந்தும் போனேன். ஓய்வு பெற்ற பிறகு ஏதோ ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் காரையைக் காட்டினார்கள். அந்தச் சுருளை நெருக்கத்தில் காட்டியபோது கை சில்லிட்டுவிட்டது. அதன் பெயர் அம்மோனைட். எகிப்தியர்களின் அமுன் என்ற கடவுளுக்கு ஆட்டுக்கிடாக் கொம்பு உண்டு. அந்தக் கொம்பைப் போல இருப்பதால் வைத்த பெயர். உலகத்து விஞ்ஞானிகள் எல்லோரும் ஆட்டுக்கொம்பு என்றுதான் அதைக் கூப்பிடுகிறார்கள். என் வகுப்பில் 14 வயதுப் பையன் ஒருவன் அதையே சொன்னதற்கு நான் அவனைப் பொய்யன் என்றேன்.

அவன் நம்பரைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. பேசும்போது அந்த விஷயத்தை நான் எடுக்கவில்லை, தைரியம் வரவில்லை. "உங்க ஊர்ப் பக்கம் பார்க்கணும்ப்பா" என்று மட்டும் சொன்னேன். "வாங்க சார், நான் லீவு போடறேன்" என்றான்.

காலை ஆறரைக்கு லால்குடியில் கிளம்பினோம். மார்கழிப் பனி தையிலும் விடவில்லை. வயலெல்லாம் கதிர் பழுத்திருந்தது. புள்ளம்பாடி வாய்க்காலைத் தாண்டும்போது, "இந்தத் தண்ணி எங்கே போகுது தெரியுமா சார்? நாளைக்குக் காட்டறேன்" என்றான். அதற்கு மேல் மண்ணின் நிறமே மாறிவிடுகிறது. நம் காவிரிக்கரைக் கருவண்டல் முடிந்து, வெளுத்த புழுதி. லாரிகள். பருத்தியும் மக்காச்சோளமும்.

கல்லக்குடி என்றதும் நம்மில் பலருக்கு 1953 ரயில் நிலையப் பெயர்ப் போராட்டம்தான் நினைவுக்கு வரும், எனக்கும் அப்படித்தான். ஆனால் அங்கே தோண்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லின் ஒரு பகுதி, பவளப் பூச்சிகளும் கடல்பாசிகளும் சேர்ந்து கட்டிய பழைய பவளத்திட்டு. ராமேசுவரம் பக்கம் இன்று கடலுக்குள் இருப்பதைப் போல ஒன்று, 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் முன்னால் இங்கே இருந்திருக்கிறது. அதைத்தான் அரைத்துச் சூளையில் இட்டுச் சிமெண்ட் ஆக்குகிறோம். என் வீட்டுச் சுவரிலும் அது இருக்கும், உங்கள் வீட்டிலும் இருக்கும். சிமெண்டில் சிப்பியைப் பதித்தான் என்று ஒரு பையனைத் திட்டியவன் நான். உண்மையில் சிப்பியிலிருந்துதான் சிமெண்டே வருகிறது.

கருடமங்கலத்தில் டீ குடித்தோம். அந்த ஊர்க் கல்லுக்கு வெள்ளைக்காரர்கள் 'திருச்சினாப்பள்ளி மார்பிள்' என்று பெயர் வைத்து, மெருகேற்றி அலங்காரத்துக்குப் பயன்படுத்தினார்கள். கருமை கலந்த கல்லில் வெள்ளை வெள்ளையாகச் சிப்பிகள், கேக்கில் முந்திரி போட்ட மாதிரி. ஓர் ஓடையோரம் உடைந்து கிடந்த துண்டில் எண்ணிப் பார்த்தேன், உள்ளங்கை அளவில் 17 சிப்பி.

அங்கிருந்து காரை. இதைப் படத்தில் பார்த்தால் புரியாது. தார் ரோட்டிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் மண்பாதை, அப்புறம் திடீரென்று தரை உடைந்து பள்ளம் பள்ளமாக விழுகிறது. புல் பூண்டு அதிகமில்லை. செம்மண், மஞ்சள், சாம்பல் என்று களிமண் மேடுகள். மழை கீறிய ஓடைகள் கிழவியின் முகச் சுருக்கம் போல. நடுவே ஏதோ கண்ணாடி உடைந்து கிடப்பதுபோல் மினுக்குகிறது. அது ஜிப்சம், நார்நாராக உரியும். சிமெண்ட் கலந்தவுடனே கட்டிப்பட்டுவிடாமல் இருக்க அதில் கொஞ்சம் சேர்ப்பார்களே, அதே ஜிப்சம்.

இதெல்லாம் கடலின் அடிமண். இந்தியா அப்போது ஆசியாவோடு சேரவில்லை. அண்டார்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் விட்டுப் பிரிந்து வந்துகொண்டிருந்தது. பிரிந்த விளிம்பு தாழ்ந்ததில் கடல் உள்ளே ஏறியது, பல தடவை ஏறி இறங்கியது. அந்தக் கடலின் சேறுதான் நான் நின்ற மேடு. கீழே பார்த்தால் துப்பாக்கித் தோட்டா மாதிரி பழுப்பாகக் கற்கள். பெலம்னைட் என்று பெயர். நாம் சாப்பிடும் கணவாய் மீனின் தூரத்து உறவுப் பிராணி, அதன் உள்ளே இருந்த கெட்டியான பாகம் இது. சின்னப் பையனாக இருந்தபோது இதைச் சாக்பீஸ் போலக் கல்லில் கிறுக்கி விளையாடினோம் என்றான் இவன்.

நம் பாடப்புத்தகத்தில் பருவமழை பற்றிப் படித்தபோது பிளான்ஃபோர்டு என்ற பெயரைச் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? இமயமலைப் பனிக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னவர், இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர். அதே ஆள்தான் அதற்கு முன்னால், இருபத்து சொச்சம் வயதில், 1857 தொடங்கி இந்தக் காட்டிலும் கொல்லையிலும் அலைந்து பாறைகளை வரைபடமாக்கி 1862-இல் அச்சிட்டார். பக்கத்து ஊரான ஊட்டத்தூர் பெயரையே ஒரு பாறைத் தொகுதிக்கு வைத்தார்கள். திருச்சிராப்பள்ளி, அரியலூர் பெயர்களும் அப்படியே உலகப் புத்தகங்களில் இருக்கின்றன. முப்பது வருடத்துக்கு மேல் அவர் பெயரைக் கரும்பலகையில் எழுதியவன், அவர் நடந்த இடத்துக்கு என் பள்ளியிலிருந்து ஒரு மணி நேரத்தில் போயிருக்கலாம். ஐரோப்பாவைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சரிவில் அதைக் கண்டேன். முழுசு அல்ல, கால்வாசிச் சுருள், ஐந்து ரூபாய் நாணயம் அளவு. குனிந்து எடுத்து, துடைத்து, சட்டைப் பையில் போடப் போனேன். "வெச்சிடுங்க சார்" என்றான். அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். "ஆளாளுக்கு ஒண்ணு ஒண்ணா எடுத்து, நாங்க சின்ன வயசுல பார்த்ததுல இப்போ பத்துல ஒரு பங்குகூட இல்ல. காலேஜ் பசங்க பையோட வராங்க." வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் வாய் திறந்தது.

"தம்பி, அன்னைக்கு ஒரு கல் கொண்டுவந்தியே…"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "ஞாபகம் இருக்கா சார் உங்களுக்கு? உங்களுக்கு இருக்காதுன்னு நெனச்சேன்." அன்று சாயங்காலம் பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியே போய்த் தேடினானாம். ரோடு போட ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள், அதில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "கல்லு போனதுல ஒண்ணும் இல்ல சார். கொல்லைக்குப் போனா வேற கிடைக்கும். பொய் சொல்றேன்னு சொன்னீங்கள்ல, மாமா வீட்டுலயும் அதையே சொன்னாங்க. சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு."

மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க சார்" என்றான். அவன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். அப்பா தவறிவிட்டார், குடும்பம் பார்க்க வேண்டியிருந்தது, அதுதான் காரணம் என்று அவனே சொன்னான். நான் கேட்காமலேயே சொன்னான். எனக்காகச் சொன்னானோ என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை.

சாத்தனூர் கல்மரத்தை உங்களில் சிலர் சுற்றுலா போய்ப் பார்த்திருப்பீர்கள். 18 மீட்டர் நீள மரம் படுத்துக் கிடக்கிறது, அத்தனையும் கல். பட்டை உரிந்த இடம், கணு எல்லாம் தெரிகிறது. தட்டிப் பார்த்தால்தான் கல் என்று நம்புவோம் (தட்டவில்லை, வேலி போட்டிருக்கிறார்கள்). 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியலாளர் இதை வெளியுலகுக்குச் சொன்னார். 12 கோடி ஆண்டு என்று பலகை போட்டிருக்கிறார்கள். ஆற்று வெள்ளத்தில் அடித்து வந்து கடலில் அமிழ்ந்து, சேறு மூடி, மரத்தின் ஒவ்வொரு அணுவுக்கும் பதிலாக மணல் சத்து புகுந்து கல்லாகிவிட்டது. அங்கே வேப்பமர நிழலில் வீட்டம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம். அது மட்டும் கல்லாகவில்லை.

அரியலூர் போகும் வழியில் டைனோசர் பேச்சு வந்தது. 2020-இல் குன்னம் ஏரியில் டைனோசர் முட்டை என்று வாட்ஸாப்பில் எனக்கே எட்டுப் பேர் அனுப்பினீர்கள். வல்லுநர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, கடல் உயிரியின் மேல் மண் படிந்து இறுகிய உருண்டைகள் என்றார்கள். ஆனால் உண்மையான டைனோசர் எலும்பும் இந்தப் பகுதியில் கிடைத்ததுண்டு. கல்லமேட்டுப் பக்கம் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்குப் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டு 1987-இல் வெளியிட்டார்கள். பெயருக்குப் பொருள் பெரிய உடம்புக்காரன். அந்த எலும்புகள் பிற்பாடு மழையிலும் ஈரத்திலும் பொடிந்து போய்விட்டன. இன்று இருப்பது படமும் அளவும்தான். இதை நான் சொன்னபோது அவன், "அப்போ அதையும் யாராவது பொய்யின்னு சொன்னா என்ன சார் பண்றது?" என்று கேட்டான். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமான சந்தேகம். அப்படிச் சந்தேகப்பட்டவர்களும் உண்டு என்று சொன்னேன்.

ராத்திரி அவன் வீட்டில் சாப்பாடு. கம்பங்கூழும் கருவாட்டுக் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் (டாக்டரிடம் சொல்ல வேண்டாம்). அவனுக்கு எட்டாவது படிக்கும் மகள் இருக்கிறாள். துறுதுறுவென்று இருந்தாள். தட்டை வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்து, "எங்கப்பாவை அடிச்ச சார் நீங்கதானா?" என்றாள். அவள் அம்மா, "ஏய், உள்ளே போ" என்று அதட்டினாள்.

"அடிக்கலைம்மா. வெளியே நிக்க வெச்சேன்" என்றேன்.

"அப்பா ரெண்டும் சொன்னாரு."

நான் அவனைப் பார்த்தேன். அவன் சொம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போய்விட்டான்.

எனக்கு அடித்ததாக நினைவில்லை. எவ்வளவு யோசித்தாலும் கல்லும் ஜன்னலும் வாசலும்தான் வருகின்றன. ஆனால் அந்தக் காலத்தில் என் கையில் பிரம்பு இருந்தது, நான் ஓங்கியதும் உண்டு, உங்களில் பலருக்குத் தெரியும். வாங்கியவனுக்கு மறக்காது, கொடுத்தவனுக்கு மறந்துவிடும் என்பதால் அவன் சொல்வதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அன்று இரவு கொசுவர்த்தியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அதுவும் சுருள்தான்.

மறுநாள் பொழுது விடிந்ததும் அவன் மகளும் பின்னால் ஏறிக்கொண்டாள். மூவரும் கரைவெட்டி போனோம். அங்கே போய்ச் சேர்ந்தபோது ஏரி முழுக்கப் புகை போலப் பனி. முதலில் சத்தம்தான் கேட்டது. பிறகு வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகத் தெரிந்தன. 450 ஹெக்டேருக்கு மேல் பரப்புள்ள ஏரி, 1999-இல் சரணாலயம் ஆக்கினார்கள், 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதற்குத் தண்ணீர் கொண்டுவருவது முந்தின நாள் காலையில் நாங்கள் தாண்டிய அதே புள்ளம்பாடி வாய்க்கால். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் இந்தப் பறவைகளுக்கும் போகிறது.

நத்தைகுத்தி நாரைகள் கரையோரம் நின்று நத்தையைக் குத்திக்கொண்டிருந்தன. அந்த நாரையின் அலகு நடுவில் மூடாமல் ஒரு சந்து இருக்கும். குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் வரும் என்று சொன்னேன். மகள் உடனே, "நீங்க பார்த்தீங்களா?" என்றாள். பார்க்கவில்லை, படித்தது என்றேன். "ம்" என்றாள். அந்த 'ம்'-இல் அவள் அப்பாவின் முப்பது வருடம் இருந்தது.

கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீலத்தாழைக்கோழி, நீர்க்காகம் எல்லாம் கண்டோம். கடைசியில் தூரத்து மேட்டில் வரித்தலை வாத்துகள், பைனாகுலரில் எண்ணினோம், 40-க்கு மேல். வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கருப்புக் கோடு, நாமத்தைக் குறுக்கே போட்டது போல. திபெத், மங்கோலியாப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டிப் பறந்து வந்து குளிர்காலத்தை நம் ஏரியில் கழிக்கின்றன.

அப்போது நேபாளத்துக் கண்டகி ஆற்றைப் பற்றிச் சொன்னேன். பெருமாள் கோயில்களில் பூசையில் வைக்கும் சாளக்கிராமம் அங்கிருந்துதான் வருகிறது. அதற்குள் இருக்கும் சக்கரமும் அம்மோனைட்தான். இமயமலை எழுவதற்கு முன்னால் அங்கே இருந்த கடலில் வாழ்ந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்ட பொருள் அது. இந்த வாத்துகள் அந்த மலைகளுக்கு மேலே பறந்துதான் வந்திருக்கின்றன.

அவன் சிரித்தான். "அப்போ அன்னைக்கு நீங்க எறிஞ்சது சாமி சார்" என்றான். நானும் சிரித்தேன். இரண்டு நாளில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

திருமழபாடியில் கொள்ளிடத்தைப் பார்த்தபடி டீ. அங்கிருந்து அவர்கள் திரும்பிவிட்டார்கள். ஆற்றங்கரையோரமாகவே வந்து, இருட்டும் முன் வீடு சேர்ந்தேன். இடுப்பு வலி மூன்று நாள் இருந்தது. வீட்டம்மா தைலம் தேய்த்தபடி, "போன காரியம் முடிஞ்சுதா?" என்றாள். பாதி என்றேன்.

மீதியை உங்களிடம் கேட்கிறேன். 1994-இல் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் இருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேராவது இதைப் படிப்பீர்கள். அன்று நான் அவனை அடித்தேனா? நினைவிருப்பவர்கள் மறைக்காமல் எழுதுங்கள். தனியாகச் சொல்ல வேண்டும் என்றால் போன் பண்ணுங்கள், பழைய நம்பர்தான். அடுத்த மாதம் அவன் மகள் படிக்கும் பள்ளியில் பிள்ளைகளைக் காரைக்கு அழைத்துப் போகிறார்களாம், என்னையும் வந்து பேசச் சொல்லியிருக்கிறாள். போவதற்கு முன் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

படங்கள் கீழே. வாத்துப் படம் சரியாக விழவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.